கறுப்புக் கோட்டும் இரண்டு டைகளும்

அக்டோபர் 14, திங்கள்

இன்று நாட்டுக்கே விடுமுறை. மீனுக்கு ஏது விடுமுறை? விடிவதற்கு முன்பே ஆலைக்குப் போனேன். அரைத்த மீனைப் பலகையில் பூசி, ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, அடுக்கி... நேற்று வட்டார லீக்கை வென்ற அணியின் கோல்கீப்பர் இவன்தான் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவா போகிறது?

எனக்கு எதிரே நின்று பொட்டலம் கட்டும் இனுசுகா அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "என்னடா தொகானோ, ஜெயிச்சவன் மூஞ்சியா இது? பல்லு புடுங்கப் போறவன் மாதிரி நிக்கிறே" என்றார்.

நேற்று மாலை விருந்தில் கிளப்பின் மேலாளர் குரோஇவா எழுந்து பேசினார். நவம்பரில் இறுதிச் சுற்று. நான்கு வட்டாரங்களின் அணிகள் ஒன்றோடொன்று மோதும், முதல் இரண்டு தேசிய லீக்குக்குப் போகும். நாங்கள் போய்விட்டால் அடுத்த வருடத்திலிருந்து எல்லோரும் முழுநேர ஆட்டக்காரர்கள். காலையில் ஆலை, மாலையில் பந்து என்பதெல்லாம் இனி இல்லை. தேவைப்படுகிறவர்களோடு மட்டும் ஒப்பந்தம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு முப்பத்தைந்து வயது.

சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குப் பின்னால் பந்து உதைத்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி இது. மாவட்டத்தின் அடிமட்டப் பிரிவிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினோம். எல்லாப் படியிலும் இருந்தவன் இன்று நான் ஒருவன்தான். ஏணி கூரை மேல் ஏறுமா?

அக்டோபர் 19, சனி

எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்குக் கல்யாணம். என்னிடம் இருப்பது ஒரே கறுப்பு சூட். வெள்ளை டை கட்டிக்கொண்டு போனேன்.

மேசையில் பேச்சு வேறெங்கே போகும்? சீசன் முடிந்ததும் குரோஇவா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவார். "'ஆபீசுக்கு வா'ன்னா அடுத்த வருஷமும் இருக்கே. 'சூட் போட்டுக்கிட்டு வா'ன்னா பெட்டியைக் கட்டு" என்றான் ஒருத்தன். ஒருவனை அனுப்பிவைக்கும்போது அதற்குரிய மரியாதையோடு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எல்லோரும் சிரித்தார்கள். மிதாராய் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். அவன் எங்கள் இரண்டாவது கோல்கீப்பர். பல்கலைக்கழகம் முடித்து நேராக வந்தவன், இருபத்து இரண்டு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். பரிதாபப்படுகிறானாம்!

அக்டோபர் 27, ஞாயிறு

தூக்கம் இல்லை. என் மனைவி சிசுரு புரண்டு படுத்து, "கோலு போஸ்டுக்கு நடுவுல படுத்திருக்கீங்களா? சும்மா கெடங்க" என்றாள்.

நவம்பர் 3, ஞாயிறு

ஆலையின் பழைய டிரைவர் இறந்துபோனார். மாவட்டப் பிரிவில் ஆடிய காலத்தில் எங்களை மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ஆட்டத்துக்கு இறங்கும்போது எங்கள்மேல் கானாங்கெளுத்தி வாடை அடிக்கும், எதிரணி மூக்கைப் பொத்தும்.

அதே சூட். சிசுரு உள்பையிலிருந்து வெள்ளை டையை எடுத்துவிட்டுக் கறுப்பு டையைக் கட்டிவிட்டாள். நல்லதற்கு வெள்ளை, கெட்டதற்குக் கறுப்பு. மற்றபடி சூட்டுக்கு எல்லாம் ஒன்றுதான். "இந்த வருஷம் இதுக்கு வேலை ஜாஸ்தி" என்றாள். சூட்டைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நவம்பர் 12, செவ்வாய்

பயிற்சியில் மிதாராய் ஒரு பந்தைப் பிடித்தான். அந்தப் பந்தை நான் என் இருபத்தைந்து வயதிலும் பிடித்திருக்க மாட்டேன். பயிற்சியாளர் செனோ அதைப் பார்த்தார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன்.

நவம்பர் 18, திங்கள்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

தோற்றால் தேவலை என்று ஒரு நினைப்பு வருகிறது. தோற்றால் இன்னும் ஒரு வருடம் — ஆலை, பந்து, ஆலை, பந்து. பல் துலக்கும்போது வருகிறது, பலகை அடுக்கும்போது வருகிறது. இந்த அணி மேலே போக வேண்டும் என்று பதினொரு வருடம் மண்ணில் விழுந்து புரண்டவன் நான்தானே? சீ. என்ன மனுஷன்டா நீ?

நவம்பர் 22, வெள்ளி

வெளியூர், விடுதி. மூன்று நாளில் மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் 2-0, வென்றோம். ஆட்டம் தொடங்கியபின் தோற்கிற நினைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. பந்து வந்தது, பாய்ந்தேன், அவ்வளவுதான்.

கடைசி நேரத்தில் ஒன்றைத் தட்டிவிட்டு விழுந்தபோது வலது மோதிர விரல் கம்பத்தில் மோதியது. மடக்க முடியவில்லை. பிளாஸ்திரி சுற்றிக் கையுறைக்குள் மறைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு மிதாராய் நிற்பான். நான் நின்று ஆட இன்னும் இரண்டு ஆட்டம்தான் மிச்சம். அதையும் விட்டுக்கொடுக்க நான் என்ன புத்தனா?

நவம்பர் 23, சனி

தோற்றோம். 0-1.

உப்புச் சப்பில்லாத பந்து. தரையோடு உருண்டு வலப்பக்கம் வந்தது. கை வைத்தேன், விரல் தாங்கவில்லை, அடியில் நழுவிப் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தவன் நான்.

"பந்து எகிறிடுச்சு, விடு" என்று செனோ தோளைத் தட்டினார். எகிறவில்லை. தலையாட்டினேன்.

கோல்கீப்பர்கள் இருவருக்கும் ஒரே அறை. சாயங்காலம் இயந்திரத்தில் டப்பாக் காபி வாங்கி வந்தேன். டப்பாவின் வளையத்தை இழுக்க முடியவில்லை. மிதாராய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது கையால் முயன்றேன். அவன் எழுந்து வந்தான்.

"குடுங்கண்ணே."

திறந்து கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான். விரல் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. போய் செனோவிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு அவன்தான் ஆடுவான். சொல்லவில்லை. மூத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களோ! எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஏன்டா சொல்ல மாட்டேங்குறே? போய்ச் சொல்லித் தொலையேன்!

நாளை வென்றால் இரண்டாம் இடம், மேலே. இல்லையென்றால் வீடு.

நவம்பர் 24, ஞாயிறு — காலை

சாப்பிடும்போது சாப்பாட்டுக் குச்சி கையிலிருந்து நழுவி மூன்று முறை விழுந்தது. மூன்றாவது முறை எழுந்து செனோவின் மேசைக்குப் போனேன்.

"சார், விரல் போயிடுச்சு."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்போ நேத்து போன கோலு?"

"ஆமா சார்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருபது பேரு உசுரைக் குடுத்து ஆடுறாங்க, தொகானோ" என்றார், மெதுவாக. பிறகு, "மிதாராய்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, எனக்கு இவ்ளோ பெரிய ஆட்டம்... வேணாண்ணே" என்றான். குளியலறைக்கு ஓடினான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீரோடு வெளியே நின்றேன்.

"வெளிய வாடா. நானும் முதல் ஆட்டத்துல எடுத்தேன்."

"நெஜமாவாண்ணே?"

"மீன் வண்டிக்குள்ளயே எடுத்தேன். டிரைவர் என்னையே கழுவ வெச்சாரு."

உள்ளேயிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது.

அதே நாள் — ரயிலில்

1-0. மேலே போய்விட்டோம்.

பெஞ்சில் உட்காரவே முடியவில்லை. நான்காவது நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய ஒன்பதாம் எண் தனியாக வந்து, ஓரமாகத் தள்ளினான். வலப்பக்கம். நேற்று எனக்கு வந்த அதே மூலை. மிதாராய் முழு நீளத்துக்கும் விழுந்து விரல் நுனியால் வெளியே தட்டினான்.

கத்தினேன், குதித்தேன், யாரையோ கட்டிக்கொண்டேன். அத்தனையும் உண்மை. அந்தக் கை என் கையாக இருந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்ததும் உண்மை.

செனோவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அடுத்து என்னைத் தூக்கினார்கள். நான் என்ன செய்தேன்? நேற்று கோல் விட்டேன், இன்று உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை மேலே போய்க் கீழே வந்தேன். மேலே இருக்கும்போது தெரிந்தது. கிளம்பப் போகிறவனை இப்படித்தான் தூக்குவார்கள்.

நவம்பர் 27, புதன்

விரலில் முறிவு. இரும்புப் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆலைக்குப் போனேன், ஒற்றைக் கையால் பலகை அடுக்கினேன். போனை மேல்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அடிக்கவில்லை.

நவம்பர் 28, வியாழன்

அடிக்கவில்லை. மிதாராய்க்கு நேற்றே வந்துவிட்டதாம். "ஆபீசுக்கு வா."

நவம்பர் 29, வெள்ளி

இனுசுகா அக்கா, "அந்த போனையே வேகவெச்சுப் பலகையில ஒட்டிடப் போறேன் பாரு" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அடித்தது.

குரோஇவாதான். விரல் எப்படி இருக்கிறது என்றார். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றார். பிறகு, "திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடு. சூட் போட்டுக்கிட்டு வா."

"சரிங்க" என்றேன். வேறென்ன?

என் பக்கத்துப் பலகைகளையும் சேர்த்து அக்காவே அடுக்கினார்.

டிசம்பர் 2, திங்கள்

காலையில் சிசுரு சூட்டை எடுத்து வைத்தாள். என் கைக்கட்டோடு டை கட்ட முடியாது. அவள்தான் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை டை.

"என்ன விளையாட்டா? என்னைத் தூக்கியெறியப் போறாங்க. எவனாவது பார்த்தா சிரிப்பான்."

"கிளப்பு மேல போயிருக்கா இல்லையா?"

"போயிருக்கு."

"பதினோரு வருஷமா நீங்க கேட்டது அதுதானே? ஒவ்வொரு வருஷமும் கோயில்ல மணியடிச்சுக் கேட்டீங்களே, பக்கத்துல நின்னு நானும் கேட்டேனே. நடந்துடுச்சு. நல்ல காரியத்துக்கு எந்த டைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அப்போ நான்?"

முடிச்சை இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே. அவள் கண் கலங்கியிருந்தது. "உங்களுக்கு அழறதுன்னா சாயங்காலம் அழலாம். இப்போ கிளம்புங்க" என்றாள்.

கழற்றிவிடலாம் என்று வழியில் இரண்டு முறை கை போனது. ஒற்றைக் கையால் அவிழ்க்கத் தெரியவில்லை. அதோடுதான் உள்ளே போனேன்.

குரோஇவா சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "தொகானோ, இத்தனை வருஷமா" என்று ஆரம்பித்து டையைப் பார்த்தார். நின்றுவிட்டார். கறுப்பு டையோ சாதாரண நீல டையோ கட்டி வருவேன் என்று எதிர்பார்த்திருந்தவர். வாய் கோணியது. கைக்குட்டையைத் தேடினார்.

"வாழ்த்துகள்" என்றேன் நான். "தேசிய லீக்கு."

எழுந்து நின்று குனிந்தார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. தரைவிரிப்பில் காபிக் கறை ஒன்று இருந்தது. அதை இப்போது எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

சாயங்காலம் அழுதேன். சொன்னபடி.

மார்ச் 15, ஞாயிறு

தேசிய லீக்கின் முதல் ஆட்டம், எங்கள் ஊரில். சிசுரு சீட்டு வாங்கியிருந்தாள். கோலுக்குப் பின்னால், மிதாராய்க்கு நேர் பின்னால். இந்த மைதானத்தில் கோலை இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. வலைதான் முன்னால் தெரிகிறது, ஆட்டம் அதற்கு அந்தப் பக்கம் நடக்கிறது.

"இடது! இடதுடா! முன்னால வா!"

முன்வரிசை அம்மா திரும்பிப் பார்த்தார். "ஐயா, இப்படிக் கத்துறீங்களே, நீங்களே போய் நிக்கிறதுதானே?"

சிசுரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தினேன்.

1-1. மிதாராய் விட்ட கோல் விடக் கூடாத கோல். முழுநேர ஆட்டக்காரன் ஆனாலும் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு இன்னும் நான் வேலை செய்யும் ஆலையில்தான்; நாளைக்கு வருவான், அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இடைவேளையில் டப்பாக் காபி வாங்கினேன். விரல் முழுக்க மடங்காது, இனி மடங்கவும் போவதில்லை. திறந்து தர சிசுரு கை நீட்டினாள். "இரு" என்று சொல்லிவிட்டு நானே திறந்தேன்.