ஒன்றாகக் குடிவந்தவர்கள்

இன்று காலை கணினியில் உன் ஊரைத் திறந்து பார்த்தேன். கிழக்குப் பக்கத்து வரிசையில் நாலைந்து வீடுகளின் கூரைக்கு மேல் அந்தக் கறுப்புக் குறி மறுபடியும் வந்து நிற்கிறது. உனக்கு நன்றாகத் தெரிந்த குறிதான். உள்ளே ஒருவர் இறந்துகிடக்கிறார், எடுத்துப்போக வண்டி வரவில்லை என்று அர்த்தம். வண்டிகளோ இரண்டு தெரு தள்ளி ஒன்றின் பின்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டு நிற்கின்றன. புதிதாகச் சாலை போடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் கணினியை அணைத்துவிட்டேன். காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

உன் கணினியை உன் மகன் எனக்கே கொடுத்துவிட்டான். "சிங்கப்பூருக்குத் தூக்கிட்டுப் போயி நான் என்ன அங்கிள் செய்யப் போறேன்" என்றான். உன் பேரன் பள்ளி விடுமுறையில் ஏற்றிவைத்துவிட்டுப் போன விளையாட்டு அதில் அப்படியே இருக்கிறது. வெறும் நிலம், ஓர் ஆறு. நாம்தான் சாலை போட்டு, மின்சாரம் இழுத்து, ஆட்களைக் குடிவைத்து ஊராக்க வேண்டும். எண்பதை நெருங்கும் இரண்டு கிழவர்கள் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நகரம் கட்டக் கற்றுக்கொண்டதை யாராவது எட்டிப்பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எட்டிப்பார்க்கத்தான் நம் லோரோங்கில், இந்தக் குறுகிய சந்தில், ஆள் இல்லையே.

முதல் ஊரை நாம் நாசமாக்கியது நினைவிருக்கிறதா? ஊர் பூராவும் நோய். மருத்துவமனை கட்டினாய், இன்னொன்று கட்டினாய், நோய் தீரவில்லை. "டாக்டருங்க தூங்கறானுங்களாய்யா?" என்று திரையைத் திட்டினாய். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் அப்போதுதான் பார்த்தேன். "நாம விடற கக்கூசு தண்ணியத்தான் அவங்க குடிக்கிறாங்க லா" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய். இரண்டாவது ஊர் சாலை நெரிசலில் செத்தது. பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் கார்கள் எல்லாம் ஒரே நாளில் மலாக்காவுக்குள் நுழைந்ததுபோல் அப்படி ஒரு நெரிசல்.

மூன்றாவது ஊர்தான் நின்றது. அதில் நீ செய்த முதல் காரியம், இருந்த நிலம் முழுவதையும் ஒரேயடியாகக் குடியிருப்புக்குத் திறந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமே என்றேன். "வர்றவங்கள ஏன்யா நிக்க வைக்கணும்?" என்று என் கையைத் தட்டிவிட்டாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடுகள் மளமளவென்று எழுந்தன. இளம் குடும்பங்கள் சாரிசாரியாக வந்து இறங்கின. நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம லோரோங் மாதிரியே இருக்குல்ல?" என்றாய்.

அப்படித்தான் இருந்தது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த புதிது. நான் தபால் நிலையத்தில் குமாஸ்தா, நீ ரப்பர் வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. டவுனில் ஒண்டுக்குடித்தனம் இருந்த நம்மையெல்லாம் நீதான் பிடித்து உட்காரவைத்துப் பேசினாய். "நாட்டையே நம்ம கையில குடுத்துட்டுப் போறான். நமக்குன்னு ஒரு வீடு கட்டிக்கத் தெரியாதா?" மலாக்காவில் காஜா பேராங் பக்கம் தென்னை நின்ற துண்டு நிலம் ஒன்றைப் பேசி முடித்தாய். சாயங்காலம் வேலை விட்டதும் சைக்கிளில் போய், முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி வீடுகளுக்கு அளந்தோம். நடுவில் விட்ட வழி ரொம்பக் குறுகல் என்று ஒருவர் சொன்னதற்கு, "ரெண்டு சைக்கிள் போனாப் பத்தாதா? நம்மள்ல யாரு கார் வாங்கப் போறா?" என்று கேட்டாய். அந்த அகலமே நிலைத்துவிட்டது.

தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் தனக்கும் மனைவிக்கும் ஒரு மனை கேட்டு வந்தார். நீ அவரை மரியாதையாகத்தான் அனுப்பினாய். அவர் போனபின் சொன்னாய்: "வயசானவங்க வேணாம்யா. கதவ இங்க வைக்காத, கெணத்த அங்க தோண்டாதன்னு எல்லாத்துக்கும் குறுக்க நிப்பாங்க. நம்ம வயசு ஆளுங்களே போதும்." எல்லோரும் தலையாட்டினோம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. எல்லோரும் புது மாப்பிள்ளைகள். மரண சகாயச் சங்கம்கூட அப்போதே ஆரம்பித்தோம். சாவு விழுந்த வீட்டுக்கு வீட்டுக்கொரு ஆண் தோள் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆண்டுக்கணக்கில் ஒரு சாவும் விழவில்லை. சங்கத்தின் பெஞ்சுகளையும் பானைகளையும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத்தான் எடுத்தோம்.

பிள்ளைகளும் ஒன்றாகவே பிறந்தார்கள், ஒன்றாகவே பள்ளிக்குப் போனார்கள். பிறகு ஒன்றாகவே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளையும் சோடை போகவில்லை என்று மார்தட்டிக்கொண்டோம்.

திரையில் இருந்த ஊரிலும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் உன் வீட்டுக்குள் நுழைந்தேன், நீ மேசையில் முழங்கையை ஊன்றித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஊர் முழுக்கக் கறுப்புக் குறி.

"சீக்கா?" என்றேன்.

"இல்ல. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியும் இருக்கு."

ஒவ்வொரு வீடாகத் தட்டிக் காட்டினாய். எந்த வீட்டைத் தட்டினாலும் உள்ளே கிழவனும் கிழவியும்தான். "எல்லாரும் ஒன்னா வந்தவங்கய்யா," என்றாய். "அதான் ஒன்னா போறாங்க. தூக்கிட்டுப் போக ஆளு பத்தல."

 அந்த வருடத்தில் மட்டும் நம் வரிசையில் அதற்குள் இரண்டு சாவு விழுந்திருந்தது. சவ வண்டி லோரோங்குக்குள் நுழைய முடியாமல் பெரிய ரோட்டிலேயே நின்றது. வீட்டிலிருந்து அதுவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். முட்டி ஆபரேஷன் செய்தவன், நெஞ்சில் குழாய் வைத்தவன், கண்புரைக்காரன் என்று நம் சங்கத்து வீரர்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கி, பாதி வழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். 

திரையில் அதைப் பார்த்த மறுநாள் நீயும் நானும், மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக வாழும் சிட்டி கம்பம் வழியாக நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் ஒரு கிழவி, மகள், இடுப்பில் கைக்குழந்தை, ஓடிப்பிடித்து விளையாடும் பொடிசுகள். நீ நின்று பார்த்தாய். "இங்க எல்லா வயசும் கலந்து கெடக்குய்யா" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு பொறாமையை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கே என்னிடம் ஒன்று கேட்டாய்: "நான் போனா என் வீட்டப் பூட்டிவைக்க விடாத. புள்ளகுட்டி உள்ளவங்களுக்குக் குடுக்கச் சொல்லு. நீ சொன்னா என் பையன் கேப்பான்."

அப்புறம் நீ போனாய். உன்னைத் தூக்க உன் மகனும் மருமகனும் இருந்தார்கள். மற்ற இரண்டு தோள்கள் சவப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வாடகைக்கு வந்தவை. அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், பதமாகத்தான் தூக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. நான் கைத்தடியோடு பக்கத்தில் நடந்து, பெட்டியின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். நீ கயிறு பிடித்து அளந்த வழியில் உன்னைத் தூக்க நம் ஆள் ஒருவன் இல்லை. அன்று எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன் மேலும்தான்.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்ததும் உன் மகன் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கப்போவதாகச் சொன்னான். ஏற்கெனவே இரண்டு வீடுகள் அப்படித்தான் ஆகியிருக்கின்றன. சுற்றுலா ஆட்கள் சனிக்கிழமை பெட்டியோடு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு போகிறார்கள். போனில் அவனிடம் உன் ஆசையைச் சொன்னேன்.

"வாடகைக்கு விட்டா வீட்ட நாசம் பண்ணிருவாங்க அங்கிள்."

"தம்பி, அன்னிக்கு உங்கப்பாவத் தூக்க ரெண்டு ஆளு கொறஞ்சிச்சே, அது உனக்கு ஒன்னுமே தோணலையா?"

யோசிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டான். வார்த்தை அதிகமாகிவிட்டதோ என்று அன்றிரவு முழுக்க உறுத்தியது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

போன மாதம் உன் வீட்டுக்கு ஒரு குடும்பம் வாடகைக்குக் குடிவந்திருக்கிறது. சுரேன் என்று பெயர், செங் வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை. மனைவி, இரண்டு வாண்டுகள். சின்னது ராத்திரியெல்லாம் அழுகிறது. பெரியது உன் சுவரில் பந்தடிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீடு ஊராகிவிடாது. மற்ற வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. செத்தவர்கள் போக மீதிப்பேர் பிள்ளைகளோடு போய்விட்டதால், சங்கத்தில் இப்போது இருப்பவன் நான் ஒருவன்தான். தலைவர், செயலாளர் எல்லாம் நானே. எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்கு இல்லை. அந்தச் சந்தில் என்னோடு யார் நடப்பார்கள் என்றுதான்.

இன்று மத்தியானம் கடைக்காரன் என் அரிசி மூட்டையைப் பெரிய ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். சுரேன் பார்த்துவிட்டு, நான் சொல்லும் முன்பே அதைத் தோளில் போட்டுக்கொண்டு லோரோங்கில் விறுவிறுவென்று நடந்துவந்தான். ஒரு இடத்தில்கூட இறக்கிவைக்கவில்லை. என் வாசலில் வந்து நின்று, "எங்க வைக்கட்டும் தாத்தா?" என்று கேட்டான். நான் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் அடுப்படியைக் காட்டினேன்.