செப்டம்பரில் காலியாக இருந்த சனிக்கிழமை

ஹார்லோ, கான்சாஸ்
டிசம்பர் 10, செவ்வாய்

அன்புள்ள தம்பி கேலனுக்கு,

அக்கா மார்லிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. ஃபோனில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வாய் உண்டு. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

ஞாயிறு மதியம் கல்லூரி உள்ளரங்கில் ஊரே கூடியிருந்தது. பெரிய பாத்திரங்களில் சில்லிக் குழம்பு, தட்டுத் தட்டாகச் சினமன் ரோல். ஃபுட்பால் டீம் பையன்கள் முன்வரிசையில், நடுவில் என் டோபின். பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி. தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மோதப்போகிற நான்கு அணிகளை டிவியில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மூன்று பெயர் வரைக்கும் யாரும் அசையவில்லை. நான்காவதாக உன் பல்கலைக்கழகம் ஆடுகிற பெரிய லீக்கைச் சேர்ந்த அணி, ஒரு ஆட்டம் தோற்ற அணி, வந்தது. நாங்கள் ஐந்தாவது. டோபின் எழுந்து போய் ஒரு ரோலை எடுத்து, நின்றபடியே தின்றான். அவன் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு நீ உறுப்பினராக இருக்கிற தேர்வுக் குழுவின் தலைவர் டிவியில் வந்து விளக்கம் சொன்னார். "ஹார்லோ நல்ல டீம்தான், யாரு இல்லேன்னாங்க? ஆனா அவங்க யாரோட விளையாடினாங்க? செப்டம்பர்ல ஒரு சின்ன காலேஜை அறுபத்து மூணுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சதை எல்லாம் எப்படிக் கணக்குல எடுக்கறது?" என்றார். பின்னாலிருந்து தீவனக் கடை வெர்ஜில், "அப்ப தோத்திருந்தா எடுத்திருப்பியாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் அந்தச் செப்டம்பர் ஆட்டத்தின் தேதி நினைவுக்கு வந்தது. அதன்பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "அக்கா, அக்கா மகன் ஆடற டீம்னா நான் ரூம்ல இருக்கக்கூடாது, ரூல் அப்படி. நான் வெளியில காபி குடிச்சிட்டு இருந்தேன், என் கையில ஒண்ணுமில்ல" என்றாய். அப்போது ஃபோனை வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். எங்களைப் பற்றிப் பேசும்போது வெளியே போனாய், சரி. அந்த நான்காவது அணியைப் பற்றிப் பேசும்போது? உள்ளேதானே உட்கார்ந்திருந்தாய்? இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர். ஒருவனைப் பற்றி வாயே திறக்காமல் இன்னொருவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, நான் யாருக்கும் பரிந்து பேசவில்லை என்றால் எப்படியப்பா? இதற்குப் பெயர் நியாயம் என்று யார் உனக்குச் சொன்னது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷம் முன்னால், இந்த வருஷத்து ஆட்டங்களைத் தீர்மானிக்கிற சமயத்தில், எங்கள் பயிற்சியாளர் ப்ரூபேக்கர் சொல்லச் சொல்ல, நான் வேலை பார்க்கிற இந்தக் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து பதினோரு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நான்தான் கடிதம் அடித்தேன். எங்களோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள், உங்கள் மைதானத்துக்கே வருகிறோம், நீங்கள் எங்கள் ஊருக்கு வரவேண்டியதில்லை என்று கேட்டிருந்தோம். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஆறு பேர் மன்னிக்கவும் என்றார்கள். பதினோராவது கடிதம் உனக்கு வந்தது. உன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் என்ற முறையில் நீ போட்ட பதில், எல்லாச் சனிக்கிழமையும் நிரம்பிவிட்டது என்றது. அடியில் உன் கையெழுத்தில், "அக்கா, ஜெயிச்சா எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, தோத்தா என் வேலை போயிடும். தப்பா நினைக்காத" என்று ஒரு வரி. இந்தச் செப்டம்பரில் உங்களுக்கு ஒரு சனிக்கிழமை காலியாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து எங்களைவிடச் சொத்தையான ஒரு கல்லூரியைக் கூப்பிட்டு அதை நிரப்பினீர்கள். எங்களுக்கும் வேறு வழியில்லாமல் அதே தேதிக்குக் கிடைத்த சின்னக் கல்லூரிதான் அந்த அறுபத்து மூன்று. ஆட வா என்றால் வரமாட்டீர்கள், வராதவர்களே உட்கார்ந்து யாரோடு ஆடினாய் என்று கேட்பீர்கள்.

சின்ன லீக்கில் ஜெயிப்பதும் பெரிய லீக்கில் ஒன்று தோற்பதும் ஒன்றா என்பாய். ஒன்றில்லைதான், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. யார் பெரியவன் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அந்த அறையில் இருக்கிற பதின்மூன்று பேருக்கும் தெரியாது. ஒவ்வொரு லீக்கிலும் முதலில் வந்தவனை உள்ளே விடுங்கள், மோதிப் பார்க்கட்டும். முதல் ஆட்டத்திலேயே நாற்பது புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் நசுங்கினால், கூட்டம் கலைவதற்குள் உன்னைக் கூப்பிட்டு நீ சொன்னதுதான் சரி என்று நானே சொல்வேன். தோற்பதற்கு நாங்கள் பயப்படவில்லை. மைதானத்தில் தோற்கடியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நேற்று மேயர் வந்து, தண்ணீர் டாங்கியில் "தேசிய சாம்பியன்" என்று பெரிதாக எழுதிவிடலாம், யார் வந்து அழிக்கிறான் பார்ப்போம் என்றார். இப்படி ஒதுக்கப்பட்ட மற்ற ஊர்களிலும் செய்ததுதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். டோபின்தான் வேண்டாம் என்றான். "விளையாடாம நாமளே எழுதிக்கிட்டா, அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் சார்?" என்றான். மேயர் பெயின்ட் டப்பாவோடு திரும்பிப் போய்விட்டார். என் பிள்ளையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி அவர்களுக்கு ஏதோ ஆறுதல் ஆட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆடுவார்கள், ஜெயிப்பார்கள். அத்தோடு டோபினுக்கு ஃபுட்பால் முடிந்தது. முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று, சென்டரில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுக்கிற பையனைத் தொழில்முறை அணி எதுவும் தேடி வராது. வசந்தத்திலிருந்து உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அவனுக்கு இன்னொரு வருஷம் கிடையாது, கேலன். அடுத்த வருஷம் விதியை மாற்றினாலும் அது அவனுக்கு இல்லை.

நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்: "அம்மா, மாமா ரூம்ல இருந்திருந்தா நமக்குத்தானே ஓட்டுப் போட்டிருப்பாரு?"

"பின்னே? வேற யாருக்குப் போடுவாரு" என்றேன். வருஷக்கணக்காக உனக்காகப் பேசிப் பேசி, பொய் தானாக வந்துவிடுகிறது. உன் பல்கலைக்கழகம் ஏன் ஆட வரவில்லை என்று அவன் கேட்டபோதும், மாமாவுக்கு ஆசைதான், மேலே இருக்கிறவர்கள் விடவில்லை என்றுதான் சொன்னேன். இனி என்னால் முடியாது.

கிறிஸ்துமஸுக்கு எப்போதும்போல நீயும் உன் மனைவி கேரனும் வாருங்கள். மேஜையில் உன்னை அவனுக்கு எதிரே உட்கார வைப்பேன். நீ அன்று போட்ட அந்தப் பதில் கடிதத்தை நான் காட்டமாட்டேன், சத்தியம். ஏன் ஆட வரவில்லை என்பதை நீ உன் வாயால் சொல். கோபித்துக்கொள்ளமாட்டான், அது அவன் குணத்திலேயே இல்லை. கடவுள் உனக்கு நல்ல ஆரோக்கியமும், அந்த ஒரு சாப்பாட்டு நேரத்துக்குத் தேவையான தைரியமும் தரட்டும். சீக்கிரம் வா, தம்பி. அவன் இன்னும் உன்னை நம்பிக்கொண்டிருக்கிறான்.

உன் அக்கா,
மார்லிஸ்