மிஷின் மேல் போட்ட பழி

மார்ச் 4

டெய்லரம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டு முதல்லயே சொல்லிடுறேன். ரெண்டு வருஷமா நான் குறை சொன்ன அந்த விசில் சத்தம் உன் தையல் மிஷின்ல இருந்து வரல. என் காதுக்குள்ள இருந்துதான் வருது.

சிரிக்காதே. சிரிச்சுட்டியா? சரி, மேல படி.

நீ மிஷினோட உங்க அக்கா வீட்டுக்குப் போன அன்னைக்கு, அப்பாடான்னு உட்கார்ந்தேன். விசில் ரெண்டு மடங்கா ஏறிடுச்சு. ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். பால் கெட்டுச்சு, விசில் கெடல. மாடிவீட்டு வாத்தியார்கிட்ட போய், "உங்க மோட்டாரை நிறுத்துங்க சார்"னு சண்டை போட்டேன். "எங்க வீட்ல மோட்டாரே இல்லையேப்பா"ன்னார். அவர்தான் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

அங்க ஒரு கண்ணாடி அறைக்குள்ள உட்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. விடாம அமுக்கினேன். அந்த டாக்டரம்மா கதவைத் திறந்து, "நான் இன்னும் சத்தமே போடலையே"ன்னாங்க.

இருபத்தெட்டு வருஷம் காதுல எதையும் வைக்காம இரும்பு அறுத்ததுக்குக் கூலியாம். உள்ள இருக்கிற பூமயிர் மாதிரி நரம்பெல்லாம் தேஞ்சு போச்சாம். வராத சத்தத்துக்குப் பதிலா மூளையே ஒண்ணை இட்டுக்கட்டிப் பாடுதாம். மருந்து கிடையாது, பழகிக்கணும். பட்டறையில காதடைப்பான் வைக்கணும். வீட்ல மட்டும் நிசப்தமா இருக்கவே கூடாது, மெதுவா ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கணுமாம். "உங்க வீட்ல அப்படி என்ன சத்தம் இருக்கு?"ன்னு கேட்டாங்க. சீட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு எழுந்துட்டேன்.

ஃபோன்ல சொல்லலாம்னா விசில்தான் முந்திக்கிட்டுப் பேசுது. அதான் இந்தக் கோழிக்கிறுக்கல். கிளம்பி வா.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


மார்ச் 15

பட்டறைக்காரருக்கு,

நலம். கண்ணாடி அறை விஷயத்தை அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அக்கா இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கா.

என் மேலதான் தப்புன்னு நானும் நம்பினேனே, அது தெரியுமா? வாரத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் விட்டேன். மிஷினுக்கு அடியில கம்பளியை மடிச்சு வச்சேன். கடைசி ரெண்டு மாசம் நீங்க பட்டறைக்குப் போன பிறகுதான் பெடல்ல காலையே வச்சேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் மூணு கைவிட்டுப் போச்சு. அதையும் பொறுத்துக்கிட்டேன். துணி கொடுக்க வந்த நாலு பேர் முன்னாடி, "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னீங்க பாருங்க. அதுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?

என் பெரிய கத்தரிக்கோல் பின்னறை ஆணியில தொங்குது. யார்கிட்டயாவது கொடுத்து விடுங்க.

டெய்லர்


மார்ச் 22

டெய்லரம்மாவுக்கு,

அதுக்கும் மருந்து கிடையாது. நான் சொன்னது தப்பு. இந்த ஒரு வரிக்கு நாலு தாளைக் கிழிச்சேன்.

பட்டறையில இப்ப காதடைப்பான்தான். முதலாளி கூப்பிட்டாலும் கேக்கிறதில்ல. இதை அப்பவே வாங்கியிருக்கலாம். வீட்ல ஃபேனை ஓட விட்டேன், குழாயை வாளியில சொட்ட விட்டேன், ரேடியோவைக் கரகரன்னு வச்சேன். விசில் எதுக்கும் அசையல. யோசிச்சுப் பார்த்தா, நீ தைக்கிற வரைக்கும் அது அடங்கித்தான் இருந்திருக்கு. நீ நிறுத்தினதும் தலையைத் தூக்கும். மிஷின் விட்டுட்டுப் போன சத்தம்னு நினைச்சேன். தலைகீழா புரிஞ்சுக்கிட்டேன், போ.

கத்தரிக்கோலை யார்கிட்டயும் கொடுக்கிறதா இல்ல. உடையவங்க நேர்ல வந்து வாங்கிக்கலாம்.

பட்டறைக்காரன்


ஏப்ரல் 6

பட்டறைக்காரருக்கு,

கத்தரிக்கோல் புதுசா வாங்கிட்டேன்.

இங்க முன்னறையிலயே மிஷினைப் போட்டிருக்கு. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் ஓடுது. நிறுத்துன்னு யாரும் சொல்றதில்ல. நான் வரல. கோபமெல்லாம் இல்ல. கோபம் இருந்தா வந்து சண்டை போட்டிருப்பேன்.

இதோட ஒரு மெமரி கார்டு இருக்கு. நான் அரை மணி நேரம் தைச்சதை அக்கா மகள் பதிஞ்சு கொடுத்தா. உங்க ரேடியோவுல சொருகினா பாடும். விசிலை முழுசா மூடுற மாதிரி வைக்காதீங்க, அதுக்குக் கொஞ்சம் கீழேயே வைங்க. அப்பதான் காது பழகுமாம். இங்க ஒரு காது டாக்டர்கிட்ட விசாரிச்சேன்.

வேளைக்குச் சாப்பிடுங்க.

டெய்லர்


ஏப்ரல் 20

டெய்லரம்மாவுக்கு,

கார்டு வந்துச்சு. நீ சொன்ன அளவுலதான் வச்சேன். விசில் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓரமா போய் உட்கார்ந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் சோறு சோறா ருசிச்சுது. பட்டறை விட்டு வந்ததும் தினம் ஒரு தடவை போட்டேன்.

பதினேழாவது நிமிஷத்துல மிஷின் நிக்குது. "ஏங்க, அந்தக் கத்தரிக்கோலை எடுங்க"ங்கிற. அப்புறம் நீயே எழுந்து போற சத்தம் கேக்குது.

எட்டு நாள் உட்கார்ந்த இடத்துல இருந்தே கேட்டேன். நேத்து எழுந்து போய் ஆணியில இருந்து எடுத்துக்கிட்டு வந்தேன். வர்ற வழியில ரேடியோ ஒயர் கால்ல மாட்டுச்சு. ரேடியோ குழாயடி வாளியில விழுந்துச்சு. ஃபியூஸ் போச்சு. ஃபேனும் நின்னுச்சு. கார்டைத் துடைச்சு ஜன்னல்ல காய வச்சு, வாத்தியார் வீட்டு ரேடியோவுல போட்டுப் பார்த்தேன். பாடல.

கத்தரிக்கோலுக்கு ஒண்ணும் ஆகல.

பட்டறைக்காரன்