கயிறு பிடிக்கிற மச்சான்

மார்ச் 4, செவ்வாய்

மச்சான் இன்றும் பேசவில்லை. மரத்தின் மேல் ரம்பத்தோடு நான், கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன். "வெட்டவா?" என்று நான் கேட்க வேண்டும், கீழேயிருந்து பதில் வந்த பிறகுதான் வெட்ட வேண்டும். மேஸ்திரியின் சட்டம் அது. அதனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவனால் விழுங்க முடியவில்லை. முன்பெல்லாம் "வெட்டுங்க அத்தான்" என்பான். இப்போது "வெட்டலாம்." யாரை என்று கேட்கத் தோன்றியது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் என் வாய் செய்த வேலை. மாமியார், மனைவியின் அக்கா, அவர் கணவர் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு நகைச்சுவை ஊற்றெடுக்கும். "நான் மேல தொங்குறேன், இவன் கீழ கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கிறான். அதுக்கு ஒரு ஆணி போதும், சம்பளமும் கேக்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அப்போதும் நான்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினேன். மண்டையில் மரத்தூள் ஏறியிருக்கிறது, வேறென்ன.

மார்ச் 5, புதன்

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் ஆபீஸா?" — மனைவி.

மார்ச் 7, வெள்ளி

பழைய பங்களாவின் பெரிய மரம். கிளைகளைக் கழித்தாயிற்று, மொட்டை மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறோம். துண்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றை எனக்குக் கீழே ஒரு கப்பி வழியாக விட்டிருக்கிறோம். அது அடிமரத்தில் மாட்டிய இரும்பு உருளையைச் சுற்றி மச்சான் கைக்குப் போகிறது. வெட்டிய துண்டு விழும்போது அவன் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் மரம் சும்மா இருக்கும். சட்டென்று நிறுத்தினால், உச்சியில் பெல்ட்டோடு கட்டுண்டு கிடக்கிற நான் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஆடுவேன்.

இன்று ஆடினேன். ஒவ்வொரு துண்டுக்கும். பேசாதவன் கயிற்றில் பேசுகிறானோ?

மார்ச் 8, சனி

கேட்டேவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, எல்லோர் முன்னாலும்: "என்னைக் கீழ தள்ளத்தான் பாக்குறியா?" அவன் கையுறைகளைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பச்சை மரம் பட்டுப்போயிருக்கும்.

மார்ச் 10, திங்கள்

மச்சான் மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டாள். மகள் நிலைமையைச் சரியாக எடைபோட்டிருக்கிறாள்: "அப்பா, இப்ப உங்ககிட்ட பேசுறது நான் மட்டுந்தான். எனக்கு சைக்கிள் வேணும்."

மார்ச் 13, வியாழன்

முட்டி வீங்கிவிட்டது. ஏறாதே என்று மேஸ்திரி கயிற்றைக் கையில் கொடுத்தார். ஆணி வேலை! உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. மேலே ஏறியது வெளியூர்க்காரன், ஒல்லி; ஒட்டடை என்று கூப்பிடுகிறார்கள்.

முதல் துண்டு விழுந்தது. எப்போது ஓடவிட வேண்டும், எப்போது இறுக்க வேண்டும்? யோசிப்பதற்குள் கயிறு என்னை இரண்டடி முன்னால் இழுத்து, நெற்றியை மரத்தில் மோதவிட்டு நின்றது. மேலே ஒட்டடை ஆடிய ஆட்டம்! இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவன் குனிந்து, மரியாதையாகவே கேட்டான்: "அண்ணே, எம்மேல எதாச்சும் கோவமா?"

டீ குடிக்கும்போது மேஸ்திரி தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ வெட்டுற துண்டுல பாதிதான் இவன் வெட்டுறான். அதுக்கே இந்த ஆட்டம். உன் மச்சான் உன்னை உசுரோட இறக்குனதே பெரிசு."

சீக்கிரம் முடித்துவிட்டு இறங்க வேண்டும் என்று பெரிதுபெரிதாக வெட்டியது யார்? அடியேன். ஆடியது யார்? அடியேன். குற்றவாளி மட்டும் வேறு ஆள்.

மார்ச் 15, சனி

மரக்கடைக்குப் போனேன். மச்சான் "என்ன வேணும்?" என்றான், வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரி. மன்னிப்புக் கேட்கப் போனவன் ஒரு பலகை வாங்கி வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்னொரு பலகை. முட்டிவலியோடு தோளில் சுமந்து.

மார்ச் 20, வியாழன்

மூன்றாவது. "கப்பல் கட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி. பரவாயில்லை, பேச்சு வந்துவிட்டது.

மார்ச் 22, சனி

இன்று மச்சான் பலகையை எடுக்கவே இல்லை. "சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போங்க. கடைக்காரர் உங்களுக்குத் தனி விலை போடலாமான்னு கேக்குறாரு."

சொன்னேன். துண்டு பெரிது, தப்பு என்னுடையது, நீ பிடித்ததால்தான் நான் இருக்கிறேன். இத்தனை நேரான வாக்கியங்கள் என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. அவன் மரத்தூளைக் காலால் ஒதுக்கினான்.

"எங்கம்மா முன்னாடிதானே சிரிக்க வச்சீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

இதற்கு நூறடி மரத்தில் ஒற்றைக் காலில் நிற்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

மாமியார் வீடு. அதே ஆட்கள். சோறு பரிமாறும் முன்பே எழுந்து நின்றேன், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல. ஒட்டடை ஆடியதைச் சொன்னேன், என் நெற்றி இடித்த இடத்தைக் காட்டினேன், துண்டுகளின் அளவைக் கையை விரித்துக் காட்டினேன். "கயிறு பிடிக்க எனக்குத் தெரியலை. இவனுக்குத் தெரியும். அன்னிக்கு நான் பேசினது பொய்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மனைவியின் அக்கா கணவர் ஆரம்பிக்கப் பார்த்தார், மாமியார் திரும்பிப் பார்த்த பார்வையில் தண்ணீர் குடித்துவிட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை, சோறு ஆறுது" என்றார் மாமியார். மச்சான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். முழுச் சாப்பாடும் சாப்பிட்டான். வேலைக்குத் திரும்பி வருவானா என்று நான் கேட்கவில்லை. ஆச்சரியம்தான்.

மார்ச் 31, திங்கள்

முட்டி தேவலை. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டின மரம். ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல்கள். நான் உச்சியில் கயிறு கட்டி முடித்துக் குனிந்தபோது, கீழே உருளையருகில் மச்சான் நின்றிருந்தான். எப்போது வந்தான், மேஸ்திரியிடம் என்ன பேசினான், தெரியாது.

"வெட்டவா?"

"வேண்டாம். துண்டு பெருசு."

கயிற்று முடிச்சை அவிழ்த்து ஒரு முழம் மேலே கட்டினேன். ரம்பத்தையும் மேலே கொண்டுபோய் வைத்தேன். கீழே பார்த்தேன்.

"இன்னும்," என்றான்.

மறுபடி அவிழ்த்தேன்.