நூற்றுக்கு நாற்பத்தொன்பது

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானின் முதுகுவலி மட்டும் வழக்கம்போல, வேலை வந்தால் வருகிறது, விருந்தாளி வந்தால் போய்விடுகிறது. உன் மகளுக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது. எங்கள் பட்டறை முழுக்கக் கைமாறிப் பார்த்தாகிவிட்டது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ குறுக்கே "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சொன்னால் போதும், நான் சொல்ல வந்ததையெல்லாம் விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் கூட்டாளி வந்து போனார். தங்கமான மனிதர். குழாய் வளைக்கிற இடம், வெல்டிங், இருக்கை தைக்கிற அறை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். ஒரு சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து வாசல்வரை ஓட்டியும் பார்த்தார். பிறகு தேநீர் குடித்தபடி விஷயத்துக்கு வந்தார். கம்பெனியை நூறு சதவீதமும் நீங்கள் இருவரும் வாங்கிக்கொள்வீர்களாம். நாற்காலியின் குழாய்ச் சட்டங்கள் வேறொரு நாட்டில் மலிவாகத் தயாராகி மூன்றே அளவில் வருமாம். இங்கே சக்கரத்தைப் பூட்டி அனுப்பினால் போதுமாம்.

வெல்டிங்கைப் பார்த்துக்கொள்கிற பெண், நாம் 'தீப்பொறி' என்று கூப்பிடுகிறவள், அதைக் கேட்டுவிட்டாள். "அப்போ இனிமே நான் ஸ்க்ரூ முடுக்கணுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்று சாயங்காலம்வரை வெல்டிங் முகமூடியைக் கழற்றவே இல்லை.

எனக்கு உன்னிடம் நேராக 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டமே மறுத்துவிட்டால் தேவலை என்று ஆடிட்டரிடம் ஓடினேன். பல நாடுகளின் அந்நிய முதலீட்டு விதிகளை அவர் எனக்கு எடுத்துச் சொன்னார். ஒரு நாட்டில் வெளியார் பாதிக்கு மேல் வாங்கவே முடியாதாம். இன்னொன்றில் ஒரு குழு உட்கார்ந்து, இவர்கள் வந்தால் உள்ளூர்க்காரனுக்கு என்ன லாபம் என்று கேட்டுத்தான் கதவைத் திறக்குமாம். வேறொன்றில் உள்ளே வர ரத்தினக் கம்பளம், சம்பாதித்ததை வெளியே கொண்டுபோக ஆயிரம் முட்டுக்கட்டை. கேட்கக் கேட்க எனக்கு அந்தக் குழு இருக்கிற நாட்டின் மேல் ஆசையாக இருந்தது.

"நம்ம நாட்டுல என்ன சார் தடை?" என்று கேட்டேன்.

"இந்தத் தொழிலுக்குத் தடையே இல்லம்மா. நிலத்த மட்டும் வெளிநாட்டுக்காரங்க பேர்ல எழுத முடியாது, அதுக்கும் குத்தகைன்னு ஒரு வழி இருக்கு. சட்டத்தப் பொறுத்தவரைக்கும் உங்க தம்பியும் வெளிநாட்டு முதலீட்டாளர்தான். அவருக்கு வேணாம்னு சொல்லணும்னா, அத நீங்கதான் சொல்லணும்" என்றார்.

போன வருஷம் உனக்கு நீ இருக்கும் நாட்டின் குடியுரிமை கிடைத்தபோது சந்தோஷப்பட்டவள்தான் நான். ஆனாலும் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து அத்தானிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இப்போது நானே சொல்கிறேன். முழுவதையும் தரமாட்டேன். நாற்பத்தொன்பது தருகிறேன். மீதி என்னிடம் இருக்கும். வெல்டிங் இங்கேயே நடக்கும். ஆளைப் பார்த்து, அவர் வீட்டுக் குளியலறைக் கதவை அளந்து நாற்காலி செய்வதுதான் நம் தொழில். மூன்று அளவில் வருகிற நாற்காலி பாதி வீடுகளில் கதவோடு நின்றுவிடும். பிறகு அதில் உட்கார்ந்திருப்பவரை யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நீ இல்லாமல் சமாளித்துவிடுவேன் என்று பெருமை பேசவில்லை. நீங்கள் போடும் பணத்தில் புது இயந்திரம் வாங்காமல், நம்மைத் தேடி வந்திருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஆர்டரை எடுக்க முடியாது. அது கை நழுவினாலும் நழுவட்டும் என்று அத்தானும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். இருந்தாலும் உன் கூட்டாளி சம்மதித்தால் எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. சம்மதிக்காவிட்டால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை, நான் மறுப்பதிலும் தப்பில்லை.

உனக்குக் கோபம் வரும், தெரியும். வந்தால் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேச மனமில்லாவிட்டால் குழந்தையையாவது பேசவிடு. வக்கீல் மூலம் மட்டும் பதில் அனுப்பாதேப்பா.

நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அக்கா