வேனுக்குள் தமிழ் மட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நாங்கள் நலம்.

இங்கே தமிழ்ச் சங்கத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைதோறும் உங்கள் பேத்தியையும் மற்றப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றி, சந்தை, அருங்காட்சியகம் என்று கூட்டிப்போகிறார். வேனுக்குள் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும். காசே வாங்குவதில்லை. அதுதான் எனக்கு இடித்தது. சும்மா யார் செய்வார்கள்? நன்கொடைச் சீட்டு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சந்தேகம் இன்னும் கூடியது. போன வாரம் பின்னாலேயே பஸ் பிடித்துப் போய், நம்மாள் ஒருவரின் காய்கறிக் கடையில் மூட்டைக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தேன்.

உங்கள் பேத்தி கடைக்காரரிடம், “அண்ணே, இது நேத்து வந்ததுதானே? வாடிப்போச்சே!” என்று மல்லுக்கு நின்றாள். அப்படியே உங்கள் வாய். வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு, “வாங்கம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மறுநாள் உங்களோடு பேசி போனை வைத்ததும் இவள் கேட்டாள்: “கை சுட்டத ஏம்மா தாத்தாகிட்ட சொல்லல?”

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்து இஸ்திரி மெஷின் லேசாகச் சுட்டதுதான், அப்பா. கொப்புளம் அமுங்கிவிட்டது. இவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உங்களிடம் அளந்தேன்.

அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் என்னைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுவாள்.

உங்கள் மகள்