ஐந்தே முக்கால் மணிப் பார்வையாளர்

ஜூன் 8, ஞாயிறு

காலை முழுவதும் அண்ணனின் மடிக்கணினியோடுதான். கல்லூரியில் படிக்கும்போது அவன் செய்த இணையதளத்தைத் திறந்தேன். அம்மா தீப்பெட்டி ஒட்டும் ஆபீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேபிள்களின் படங்கள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. ‘மயில். மழையில் நனையாமல் அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்தது.’ முகப்பில் அவன் சிரிக்கிறான். பைக் விபத்தில் அவன் போய், ஆடி வந்தால் ஒரு வருடம்.

பள்ளிக் கண்காட்சிக்கு இதையே புதுப்பித்து வைக்கச் சொல்கிறார் கணினி ஆசிரியை ரேணுகாதேவி மிஸ். போனில் பார்த்தால் படங்கள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன.

ஜூன் 15

யார் வருகிறார்கள் என்று தளத்தின் கணக்கைப் பார்த்தேன்; பக்கம் முழுதாகத் திறந்தால்தான் அதில் ஏறும். மார்கழியிலிருந்து தினமும் ஒரே ஒரு வருகை. காலை ஐந்தே முக்காலுக்கு, ஏதோ பழைய போனிலிருந்து. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக வருவார்களா? பக்கங்களைத் தானாகப் பார்த்துவரத் தேடுபொறி அனுப்பும் ரோபோ நிரலாகத்தான் இருக்கும்.

“பழைய போன்லயும் வரணுமா மிஸ்?” என்று கேட்டேன். “ஏட்டி, ரோபோவுக்காகவா கஷ்டப்படுத? விடு” என்றார்.

ஜூன் 28

முடித்துவிட்டேன்! பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே கட்டுகிறது. படத்தைத் தொட்டால் தீப்பெட்டி போலத் திறந்து, உள்ளே அண்ணனின் வரி தெரியும். பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன்.

ஜூன் 30

ரோபோ வருவது நின்றுவிட்டது.

ஜூலை 1

அம்மா சாயங்காலம் வந்ததும் கேட்டாள். “ஏட்டி, அண்ணன் பக்கத்த என்ன பண்ணுன? மூணு நாளா வெள்ளையா கெடக்கு.”

அவள் கையில் அண்ணனின் பழைய போன். அலாரத்துக்குத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“நீ தெனமும் பாப்பியாம்மா?”

“அடுப்பு பத்த வைக்கதுக்கு முன்ன, ஒரு நாளைக்கு ஒண்ணு. எழுத்துக்கூட்டித்தான படிக்கேன். நூத்தித் தொண்ணூறு வரைக்கும் வந்துட்டேன். போன் கெட்டுப்போச்சோன்னு கடையில காட்டுனேன். ‘தூக்கிப் போடுங்க அக்கா’ங்கான்.”

அய்யோ. ரோபோன்னா எழுதி வச்சேன்! பக்கத்துல பாய் விரிச்சுப் படுக்கவளத் தெரியலையே எனக்கு — என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்?

ஜூலை 2

பழைய போனில் ஓடாத நிரல் எல்லாவற்றையும் கழற்றினேன். படமும் எழுத்தும் மட்டும், எந்தப் போனிலும் வரும்படி. படங்கள் இப்போது திரைக்குள் அடங்குகின்றன. தீப்பெட்டி திறப்பதையும் வைத்துக்கொள்ள வழி இருக்கும். ஒரு நாளில் அதைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

ஜூலை 4

கண்காட்சி. மிஸ் பார்த்ததும், “தெறக்குறதுதான அழகு, அத ஏம்ட்டி எடுத்த?” என்றார்.

“எங்கம்மா போன்ல வரல மிஸ்.”

பரிசு இல்லை.

ஜூலை 24

காலையில் அம்மா சொன்னாள்: “இன்னியோட இருநூத்திப் பன்னெண்டும் முடிஞ்சிட்டு. நாளைக்கு என்னத்தப் பாக்க?”

சாயங்காலம் ஆபீசிலிருந்து ஒரு லேபிள் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தாள். சேவல் படம்.

“அவன் எழுதுன மாதிரி எழுத வேண்டாம். நீ எழுது.”

ஒரு வரிதான். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஜூலை 25

ஐந்தே முக்கால். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அடுப்படியில் போனைப் பார்த்து அம்மா எழுத்துக்கூட்டினாள்: “சே...வல். அண்ணன்... பார்க்காதது.”

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்க இன்று வெகுநேரம் ஆனது.